இரத்தத்தால் வரும் ஈரல் நோய்: கணவன் மனைவி அறிய வேண்டியவை

(கிராமத் தம்பதியர் கூட்டமொன்றில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர் ஆற்றிய உரை)

களத்து வேலையையும் அடுப்பு வேலையையும் முடித்துக்கொண்டு, இந்நேரத்தில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்கே முதலில் நன்றி சொல்ல வேண்டும்.

வழக்கமாக இந்தக் கூட்டங்களில் பிள்ளைகளுக்கு இடைவெளி விடுவது பற்றியும், தடுப்பூசி பற்றியும் பேசுவோம். இன்று ஒரு வியாதியைப் பற்றிப் பேசப் போகிறேன். அதற்கு ஹெபடைட்டிஸ் சி என்று பெயர். கல்லீரலைத் தாக்கும் வைரஸ் என்னும் நுண்கிருமியால் வருவது. பெயர் வாயில் நுழையவில்லை என்றால் ‘சி கிருமி’ என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்ப நலக் கூட்டத்தில் இதை ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கிருமி ஈரலைக் கெடுப்பதற்கு இருபது முப்பது வருஷம் எடுத்துக்கொள்ளும். குடும்பத்தைக் கெடுப்பதற்கு ஒரு நாள் போதும். அதை நான் கண்ணால் பார்த்தேன். அதில் என் பங்கும் உண்டு.

சென்ற ஆண்டு ஓர் அம்மா கர்ப்பப்பை ஆபரேஷனுக்காக வந்தார். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். ஊர், பேர் வேண்டாம். ஆபரேஷனுக்கு முன்னால் எல்லோருக்கும் எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் அவருக்கு சி கிருமிச் சோதனை ‘பாசிட்டிவ்’ என்று வந்தது. அந்த அம்மா உள்ளே படுத்திருந்தார். வெளியே வராந்தாவில் அவர் வீட்டுக்காரர் நின்றிருந்தார். வரிசையில் ஐம்பது பேர் காத்திருந்த நேரம். நான் சீட்டை அவரிடம் காட்டிச் சொன்னேன். “இது எப்படிங்க வரும்?” என்று கேட்டார். “இரத்தத்தில் வரும், உடலுறவாலும் பரவலாம்” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

அவ்வளவுதான். அந்த அரை வாக்கியத்தை அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். அந்த அம்மாவை அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். ஆபரேஷன் நின்றுபோனது. இந்தக் கிருமி இருப்பதற்காக ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டிய அவசியமே இல்லை. நான்கு மாதம் கழித்து, கிராம சுகாதார செவிலியர் வந்து, “அந்தம்மா பேத்தியைக்கூடத் தூக்க விட மாட்டேங்குறாங்க டாக்டரம்மா” என்று சொன்ன பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது.

நோயாளியிடம் சொல்ல வேண்டியதை முதலில் நோயாளியிடம்தான் சொல்ல வேண்டும். அவர் சம்மதம் இல்லாமல் புருஷனிடம்கூடச் சொல்லக் கூடாது. அது என் முதல் தவறு. பாதியைச் சொல்லி நிறுத்தியது இரண்டாவது தவறு. அன்று விட்டுப்போன மறுபாதியைச் சொல்லத்தான் இன்று ஊர் ஊராக வருகிறேன்.

சி கிருமி இரத்தத்தில் வாழ்வது. ஒருவருடைய இரத்தம் இன்னொருவருடைய இரத்தத்தில் கலந்தால்தான் அது தாவும். நம் நாட்டில் இது பெரும்பாலும் எப்படி வந்தது என்றால், பழைய காலத்தில் ஏற்றிய இரத்தத்தாலும், சுத்தமில்லாத ஊசியாலும்தான். இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததே 1989-ஆம் ஆண்டில்தான். இரத்த வங்கிகளில் ஒவ்வொரு பாட்டிலையும் சி கிருமிக்குச் சோதித்துப் பார்க்கும் கட்டாயம் நம் நாட்டில் 2000-க்குப் பிறகே வந்தது. அதற்கு முன்னால் பிரசவத்திலோ, விபத்திலோ, ஆபரேஷனிலோ இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் பலர். அன்று அது உயிரைக் காத்த இரத்தம்தான். அதற்குள் என்ன இருந்தது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, ஏற்றியவருக்கும் தெரியாது. ஆகவே 2002-க்கு முன்னால் இரத்தம் ஏற்றிக்கொண்டவர் யாராயினும் ஒரு தடவை சோதனை செய்துகொள்வது நல்லது.

அடுத்தது ஊசி. காய்ச்சல் என்றால் “ஊசி போட்டாத்தான் விடும்” என்று நாம் அடம் பிடிக்கிறோம். கண்ணாடி சிரிஞ்சு இருந்த காலத்தில் ஒரே ஊசியைப் பத்துப் பேருக்குப் போட்டார்கள். இப்போது ஒருமுறை போட்டுத் தூக்கியெறியும் சிரிஞ்சு வந்துவிட்டது. ஆனாலும் படிக்காமலே வைத்தியம் செய்பவர் பையிலிருந்து எதை எடுக்கிறார் என்று பார்க்க வேண்டாமா? உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். மாத்திரையால் தீரும் காய்ச்சலுக்கு ஊசியே வேண்டியதில்லை. திருவிழாவில் ஒரே ஊசியால் வரிசையாகப் பச்சை குத்துவது, காது குத்துவது, போதை மருந்தை ஒரே ஊசியால் பலர் போட்டுக்கொள்வது, இவற்றாலும் இது பரவும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் அவ்வப்போது சோதித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது அந்த அம்மாவிடம் வருவோம். நான் அவர் அண்ணன் வீட்டுக்கே போனேன். “அம்மா, எப்பவாச்சும் உங்களுக்கு இரத்தம் ஏத்தினாங்களா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “மூத்தவன் பொறந்தப்ப ரெண்டு பாட்டில் ஏத்தினாங்க. உசிரு போயி வந்துச்சு” என்றார். மூத்த மகன் பிறந்தது 1995-ஆம் ஆண்டு. நான்கு மாதமாக அந்த வீட்டில் ஒருவருக்குக்கூட இந்தக் கேள்வி தோன்றவில்லை பாருங்கள்.

பிறகு அவர் வீட்டுக்காரரைப் பார்த்தேன். மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். “நீங்களும் ஒரு சோதனை செய்துக்கணும்” என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “எனக்கு எதுக்குங்க? நான் எந்தத் தப்புத்தண்டாவுக்கும் போனவன் இல்லை” என்றார். “அவங்களும் போகலை அய்யா, உங்க பிள்ளையைப் பெத்தப்ப வந்தது இது” என்றேன். மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். 1995-இல் அந்த இரத்தத்துக்காக ஆஸ்பத்திரி வாசலுக்கும் வீட்டுக்கும் அலைந்தவரே அவர்தானாம்.

மறுநாள் வந்து சோதனை செய்துகொண்டார். அவருக்குக் கிருமி இல்லை. நன்றாகக் கவனியுங்கள். முப்பது வருஷம் ஒரே வீடு, ஒரே பாய், மூன்று பிள்ளைகள். மனைவியிடம் கிருமி இருந்தது, கணவனுக்கு வரவில்லை. இது அவருடைய அதிர்ஷ்டம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

இதை உலகத்தில் பல இடங்களில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். இத்தாலி நாட்டில், சி கிருமி உள்ளவர்களின் துணைவர்கள் 895 பேரைப் பத்து ஆண்டுகள் கவனித்தார்கள். அவர்கள் ஆணுறை உபயோகிக்காதவர்கள். அந்தப் பத்து ஆண்டில் மூன்று பேருக்குத்தான் புதிதாகக் கிருமி வந்தது. அந்த மூன்றையும் கிருமியின் ஜாதகத்தையே எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒன்றுகூட வீட்டுத் துணையிடமிருந்து வந்ததல்ல என்று தெரிந்தது. 2004-இல் இது வெளியானது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 500 தம்பதிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். அவர்கள் போட்ட கணக்கில், ஏறத்தாழ 1,90,000 முறை உடலுறவுக்கு ஒரு முறை பரவலாம் என்று வந்தது. அதுவும் கூடினபட்சக் கணக்கு. “உடலுறவாலும் பரவலாம்” என்று நான் அன்று சொன்னது பொய்யல்ல. ஆனால் எவ்வளவு அபூர்வம் என்று சொல்லாமல் விட்டது பொய்யைக் காட்டிலும் கெடுதலாகப் போயிற்று.

இதிலே ஒரு வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ‘பி’ என்று இன்னொரு கிருமி இருக்கிறது. அது தாம்பத்திய உறவில் சுலபமாகப் பரவும். அதற்குத் தடுப்பூசி உண்டு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குப் போடுகிறோமே, அதுதான். கணவனுக்கு ‘பி’ இருந்தால் மனைவிக்கும், மனைவிக்கு இருந்தால் கணவனுக்கும் சோதித்துவிட்டு ஊசி போட வேண்டும். ‘சி’-க்குத் தடுப்பூசி கிடையாது. ஆனால் மருந்து உண்டு. சீட்டில் பியா, சியா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீரால் வரும் காமாலை வேறு. அது சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும், நல்ல பேர் கீழாநெல்லிக்குப் போய்விடும். கீழாநெல்லியை நான் குறை சொல்லவில்லை. சி கிருமி உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ‘கொஞ்சம் அசதி’ என்பார்கள், அவ்வளவுதான். கடைசியில் வயிற்றில் நீர் கோத்து வரும்போது ஈரல் சுருங்கிப் போயிருக்கும். ஆகவே உடம்பைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. இரத்தத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அப்படியானால், தம்பதிகளுக்குள் பரவுவது அபூர்வம் என்றால், இன்னொருவருக்குச் சோதனை எதற்கு? நியாயமான கேள்வி. இருவரும் ஒரே ஊரில் ஒரே ஊசி வைத்தியரிடம் போயிருப்பீர்கள். அது ஒன்று. இன்னொன்று, சவரக் கத்தி. ஒரே பிளேடை அப்பனும் மகனும் உபயோகிப்பதும், அதையே வீட்டுப் பெண்கள் எடுப்பதும் நாம் அறியாததல்ல. அதேபோல நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ். இவற்றில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் ஒட்டியிருக்கும். காய்ந்த இரத்தத்திலும் இந்தக் கிருமி பல நாள் உயிரோடு இருக்கக் கூடியது. ஆகவே ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவரும் பார்த்துவிடுவது நல்லது. இல்லை என்று வந்தால் மனதில் உள்ள பயம் போகும். இருக்கிறது என்று வந்தால் இருவருக்கும் சேர்த்தே மருந்து கொடுத்துவிடலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பிளேடு, நகவெட்டி, பிரஷ் ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுக்காயம் பட்டால் துணி வைத்துக் கட்டுங்கள். தரையில் இரத்தம் சிந்தினால் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் துடையுங்கள். இரத்தமும் உடல் உறுப்பும் தானம் செய்யக் கூடாது. சாராயத்தை அடியோடு விட வேண்டும். கிருமியும் குடியும் சேர்ந்தால் ஈரல் இரட்டை வேகத்தில் போகும். தாம்பத்திய உறவை நிறுத்த வேண்டியதில்லை. மாதவிலக்கு நாட்களிலும், பிறப்புறுப்பில் புண் இருக்கும்போதும் இரத்தம் கலக்க வாய்ப்பு உண்டு. அந்த நாட்களில் விலகி இருங்கள், அல்லது நிரோத் உபயோகியுங்கள். ஒருவருக்கு எச்.ஐ.வி.யும் சேர்ந்து இருந்தால், அல்லது வெளித்தொடர்பு இருந்தால், எப்போதும் நிரோத் அவசியம். நான் சொன்ன கணக்கெல்லாம் ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழ்பவர்களுக்கான கணக்கு.

தட்டு, டம்ளர், பாய், துணி, கக்கூஸ் எதையும் பிரிக்க வேண்டாம். பேத்தியைத் தூக்கலாம், முத்தம் கொடுக்கலாம், ஊட்டிவிடலாம்.

இனி சோதனை. அது இரண்டு படி. முதல் படியில் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுப்பார்கள். அரை மணிக்குள் தெரிந்துவிடும். இதில் தெரிவது கிருமி அல்ல, கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருள். திருடன் வீட்டுக்குள் வந்ததற்குக் காலடித் தடம் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் இன்னும் உள்ளே இருக்கிறானா, போய்விட்டானா என்று தடத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? நூறு பேருக்குக் கிருமி வந்தால் ஏறத்தாழ முப்பது பேருக்கு ஆறு மாதத்துக்குள் தானாகவே போய்விடுகிறது. தடம் மட்டும் ஆயுள் முழுதும் இருக்கும். ஆகவே முதல் சோதனை பாசிட்டிவ் என்றால் உடனே இடிந்துபோக வேண்டாம். இரத்தத்தில் கிருமியே இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் இரண்டாவது சோதனை செய்ய வேண்டும். ‘வைரல் லோடு’ என்று சீட்டில் எழுதியிருக்கும். அதிலும் இருந்தால்தான் மருந்து. புதிதாகத் தொற்றியவருக்கு முதல் சோதனையில் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகலாம். ஆகவே போன வாரம் ஊசி குத்திவிட்டது என்று இன்று சோதித்து ‘இல்லை’ என்று வந்தால் அதோடு விட்டுவிடாமல், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

மருந்து விஷயத்தில் காலம் மாறிவிட்டது. முன்பெல்லாம் இதற்கு ஆறு மாதம், ஒரு வருஷம் என்று ஊசி போடுவார்கள். காய்ச்சலும் உடம்பு வலியும் தாங்க மாட்டார்கள், குணமாவதும் பாதிக்குப் பாதிதான். இப்போது சோஃபோஸ்புவிர், டக்ளாட்டஸ்விர் என்று மாத்திரைகள் வந்துள்ளன. ஈரல் சுருங்காதவர்களுக்குத் தினமும் ஒரு வேளை, 12 வாரம், அதாவது 84 நாள். நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் கிருமி அடியோடு போய்விடுகிறது. ஈரல் சுருங்கியவர்களுக்கு வேறு மாத்திரை, சிலருக்குக் கூடுதல் நாள். 2018-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் நாள் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் சோதனையும் மருந்தும் அரசாங்கத்தில் இலவசம். எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் எழுதிக் கொடுப்போம். இந்தியாவில் 55 இலட்சம் பேருக்கு இந்தக் கிருமி இருப்பதாக 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. அவர்களில் பலருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது.

வலிப்பு மாத்திரை, காச நோய் மாத்திரை, இருதய மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. சில மாத்திரைகள் இதோடு சேராது. ‘பி’ கிருமிச் சோதனையையும் முன்னதாகவே செய்வார்கள். நடுவில் ‘உடம்பு நல்லாயிடுச்சு’ என்று நிறுத்திவிடவும் கூடாது. மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து ஒரு சோதனை உண்டு. அதில் கிருமி இல்லை என்று வந்தால்தான் குணம் என்று அர்த்தம். குணமானவருக்குச் சுத்தமில்லாத ஊசியால் மறுபடியும் வரலாம்.

அந்த அம்மாவுக்கும் 84 நாள் மாத்திரை கொடுத்தோம். மாதம் ஒரு முறை மாத்திரை வாங்க வீட்டுக்காரரே மோட்டார் சைக்கிளில் உட்கார வைத்துக் கூட்டி வந்தார். மன்னிப்புக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் அந்த அம்மா சிரித்துக்கொண்டே, “இப்ப எனக்குத் தனி பிரஷ் மட்டும்தான், தட்டு ஒண்ணாயிடுச்சு” என்றார். கடைசிச் சோதனையில் கிருமி இல்லை. ஆபரேஷனும் ஆயிற்று.

இங்கே சில பேர் கேட்க நினைத்துக் கூச்சப்படுவீர்கள். மற்ற ஊர்களில் கேட்டதைச் சொல்கிறேன்.

ஒரு தங்கச்சி கேட்டாள்: “வயித்துல புள்ள இருக்கும்போது தெரிஞ்சா என்ன பண்றது, கலைச்சிடணுமா?” வேண்டவே வேண்டாம். கிருமி உள்ள நூறு தாய்மார்களில் ஐந்தாறு பேரின் குழந்தைக்குத்தான் வருகிறது. இதற்காக வயிற்றைக் கிழித்துப் பிரசவம் பார்க்க வேண்டியதில்லை. பால் கொடுக்கலாம்; காம்பில் வெடிப்பு விட்டு இரத்தம் கசிந்தால் மட்டும் ஆறும்வரை நிறுத்துங்கள். மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகு தொடங்குவோம். குழந்தைக்கு ஒன்றரை வயதில் சோதனை. கர்ப்பம் தரிக்க நினைப்பவர்கள் முதலில் மருந்தை முடித்துக்கொள்வது உத்தமம். ரிபாவிரின் என்ற மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தால், அது கணவனுக்குக் கொடுத்தாலும் சரி, மனைவிக்குக் கொடுத்தாலும் சரி, முடிந்து குறைந்தது ஆறு மாதம் வரை கர்ப்பம் கூடாது. அதற்கான சாதனம் எங்களிடமே கிடைக்கும்.

ஒரு பெரியவர், “கொசு கடிச்சா வருமா?” என்றார். வராது.

இன்னொருவர், “ரெண்டு பேருக்கும் இருந்தா, யாரு யாருக்குக் கொடுத்தது?” என்றார். நல்ல கேள்வி மாதிரி இருக்கிறதே தவிர, அதற்குப் பதில் தேடி ஒரு பிரயோஜனமும் இல்லை அய்யா. இருவரும் தனித்தனியே வாங்கியிருக்கலாம். முப்பது வருஷத்துக்கு முந்திய ஒரு ஊசியை இன்று போய்த் தேட முடியுமா? இருவரும் ஒரே நாளில் மாத்திரையைத் தொடங்குங்கள். ஒருவர் மறந்தால் மற்றவர் ஞாபகப்படுத்தலாம். அது ஒரு சௌகரியம்.

பேச்சு நீண்டுவிட்டது. பள்ளிக்கூட வராந்தாவில் லேப் டெக்னீஷியன் தம்பி மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார். விருப்பமுள்ளவர்கள் போகலாம், கட்டாயம் இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார், நம்பர் சீட்டுத்தான் கொடுப்பார். முடிவை மூன்றாம் வகுப்பு அறைக்குள் வைத்து நானே சொல்வேன். சோதனை செய்துகொண்டவர் ஒருவரிடம் மட்டும்தான் சொல்வேன். புருஷனோ பொண்டாட்டியோ கூட இருக்க வேண்டும் என்று அவர் சொன்னால், அப்புறம் அவர்களையும் உள்ளே கூப்பிடுவேன். 2002-க்கு முன்னால் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் முதலில் எழுந்து வாருங்கள்.